இமை காக்கும் எல்லை
கையடக்க லேசர்களும் மலையகப் பிள்ளைகளின் கண்களும்

(லுணுகலையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், சமயம், மலையக வரலாறு என்று ஏதாவது ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். கடைத்தெருவில் விற்கும் ஒரு சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்களின் முகத்தில் சிறு தயக்கம் தெரிந்தது. ஆனாலும் சம்மதித்தார்கள். அவர்களுக்கு என் முதல் நன்றி.

அந்தச் சாமான் கையடக்க லேசர். பிள்ளைகள் ‘லேசர் லைட்’ என்கிறார்கள். அதைப் பற்றிய பேச்சு வந்தாலே, குறும்புக்காரப் பிள்ளைகளைக் கண்டியுங்கள், பெற்றோர் கவனமாக இருங்கள் என்ற இரண்டு அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடும். அந்த அறிவுரை போதாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. லேசரின் பலத்தைப் பார்த்து அறிய மனிதக் கண்ணால் முடியாது. தொட்டுப் பார்த்தும், விலையைக் கேட்டும், லேபலைப் படித்தும்கூட அறிய முடியாது. வாங்குகிறவரால் அளக்கவே முடியாத ஆபத்துக்கு வாங்குகிறவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. பொறுப்பு துறைமுகத்திலும் கடையிலும் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்திலும், பதுளை முத்தியங்கனை பெரஹரா நாட்களிலும் நடைபாதை விரிப்புகளைப் பாருங்கள். பொம்மைக் கார், பலூன், கைக்கடிகாரம் இவற்றுக்கு நடுவே ஒரு கறுப்புக் குழாய் கிடக்கும். ஒரு சாண் நீளம், டோர்ச் லைட்டின் கனம். முன்பக்கத்தில் திருகிப் பொருத்தும் மூடி ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஒற்றைப் புள்ளி நூறு நட்சத்திரமாகச் சுவரில் சிதறும். பின்பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டும் சாவியும் இருக்கும். உள்ளே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் லிதியம் பெற்றரி.

அந்தச் சாவியை ஒரு நிமிடம் யோசியுங்கள். சாவி போட்டு இயக்கும் விளையாட்டுச் சாமானை வேறு எங்காவது கண்டதுண்டா? லேசர்களுக்கான சர்வதேச விதிகளில், கண்ணுக்கு உறுதியாகக் கேடு செய்யும் உயர் வகுப்புக் கருவிகளுக்குத்தான் சாவி கட்டாயம். பொறுப்புள்ள ஒருவர் சாவியைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இங்கே சாவியும் குழாயும் ஒரே பெட்டியில், ஒரே பிள்ளையின் கையில் போய்ச் சேர்கின்றன. பூட்டு பாதுகாப்புக்கு வைத்ததாகத் தெரியவில்லை. சாமான் ‘பவர்’ ஆனது என்று காட்டும் அலங்காரமாகவே அது மாறிவிட்டது.

அடுத்தது லேபல். மஞ்சள் ஒட்டுத்தாளில் ஆங்கிலத்தில் ‘அபாயம்’ என்ற சொல்லும், 532 நானோமீற்றர் என்ற அலைநீளமும், அதன் கீழ் வெளியீட்டு வலுவும் இருக்கும். அந்த வலுவை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். 1000 மில்லிவாட்டுக்குக் குறைவு என்பார்கள். 5 மில்லிவாட்டும் ஆயிரத்துக்குக் குறைவுதான், 900 மில்லிவாட்டும் ஆயிரத்துக்குக் குறைவுதான். முன்னதற்கும் பின்னதற்கும் 180 மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே ஒட்டுத்தாள் போதும். பொய் சொல்லாமலே எதையும் சொல்லாமல் விடுகிற எழுத்து இது. தமிழிலோ சிங்களத்திலோ எச்சரிக்கை எழுதிய ஒரு குழாயையும் நான் இதுவரை கண்டதில்லை.

இமையின் கணக்கு

கண்ணை இமை காக்கும் என்பது நம் வழக்கு. லேசர் விஞ்ஞானம் இதையே எண்ணில் எழுதி வைத்திருக்கிறது. கூசும் ஒளி கண்ணில் பட்டால் நாம் நினைக்காமலே இமை மூடும், தலை திரும்பும். அதற்கு ஏறத்தாழ கால் விநாடி பிடிக்கும். அந்தக் கால் விநாடிக்குள் எவ்வளவு ஒளி வரை புகுந்தால் விழித்திரை தாங்கும் என்று கணக்கிட்டார்கள். இருட்டில் விரிந்த கண்மணியின் விட்டம் 7 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் விடை 1 மில்லிவாட் என்று வருகிறது. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60825 என்ற தரத்தில், கட்புலனாகும் ஒளிக்கு இரண்டாம் வகுப்பின் எல்லை இந்த 1 மில்லிவாட்தான். அதுவரை உடம்பே நம்மைக் காக்கும்.

அதற்கு மேல் 5 மில்லிவாட் வரை உள்ளதை 3ஆர் வகுப்பு என்கிறார்கள். அங்கே ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. 5 முதல் 500 மில்லிவாட் வரை 3பி வகுப்பு. அதன் கதிர் நேராகக் கண்ணில் பட்டால் காயம் உண்டாகும். 500 மில்லிவாட்டுக்கு மேல் நான்காம் வகுப்பு. அது தோலைச் சுடும், தீக்குச்சியைப் பற்றவைக்கும், கறுப்புப் பொலித்தீனை ஓட்டையாக்கும். கிட்டத்தில் நின்றால் சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணுக்குக் கேடு. ஆய்வுகூடத்தில் நான்காம் வகுப்பு லேசரை இயக்குவதென்றால் கதவில் எச்சரிக்கை விளக்கு எரியும், அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடி அணிந்தவர் மட்டுமே உள்ளே போகலாம், மோதிரம் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைப்பார்கள். பளபளப்பான எதிலும் கதிர் பட்டுத் திரும்பக் கூடாது என்பதே காரணம். நம் லயன் காம்பராவில் எவர்சில்வர் குடம், முகம் பார்க்கும் கண்ணாடி, புதுத் தகரம் எல்லாம் எட்டடிக்குள் இருக்கின்றன.

இந்த வலுவுள்ள சாமான் பொதுச் சந்தைக்கு எப்படி வந்தது? 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாட் கணக்கான லேசர் என்றால் ஆய்வுகூடம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்றே இருந்தது. படம் காட்டும் புரொஜெக்டர்களுக்காக நீல ஒளி தரும் குறைகடத்தி இருவாயிகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2010இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த விக்கட் லேசர்ஸ் என்ற நிறுவனம் 1 வாட் வலுவுள்ள நீலக் கையடக்க லேசரை 200 டொலரளவு விலையில் இணையத்தில் விற்றது. ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் ஒளிவாளைப் போல இருக்கிறது என்று அந்தப் படக் கம்பனி ஆட்சேபக் கடிதம் அனுப்பியது உலகச் செய்தியானது. அந்தச் செய்தியே இலவச விளம்பரமும் ஆயிற்று. பிறகு வந்த மலிவுப் பிரதிகளுக்குக் கணக்கில்லை.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசியை எரித்த அனுபவம் இங்குள்ள எல்லோருக்கும் இருக்கும். நம் கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு குவிவில்லை இருக்கிறது. கடதாசி இருக்க வேண்டிய இடத்தில் விழித்திரை இருக்கிறது.

சூரியனையே வெறித்துப் பார்த்தால் விழித்திரையில் விழும் அதன் பிம்பத்தின் விட்டம் சுமார் ஒரு மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்கு. சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம். லேசர் கதிரோ ஏறத்தாழ இணைகோடாக வருவதால் அதைவிடப் பல மடங்கு சிறிய புள்ளியாகக் குவியும். ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் புள்ளியின் அகலம். கண்மணிக்குள் நுழையும்போது இருந்ததைவிடச் செறிவு இலட்சம் மடங்கு ஏறிவிடுகிறது. வாட் கணக்கான லேசரில் இமை விழுவதற்கு வெகு முன்பே சுட வேண்டியது சுட்டு முடிந்துவிடும்.

இதை ஒரு பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவம் இதே சூட்டைப் பயன்படுத்துகிறது. மைமனின் லேசர் பிறந்து இரண்டு ஆண்டு ஆகுமுன்னே, 1961 டிசம்பரில் நியூயோர்க்கில் டொக்டர் சார்ல்ஸ் கம்பெல் அதைக் கொண்டு ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியைச் சுட்டு அழித்தார். சீனி வருத்தம் முற்றியவர்களுக்குக் கண்ணில் ‘லேசர் வைப்பது’ இன்று நம் குடும்பங்களிலும் கேள்விப்படுகிற சிகிச்சை. அதற்குப் பல இடங்களில் பயன்படும் ஒளி 532 நானோமீற்றர்ப் பச்சை. நடைபாதைக் குழாயின் லேபலில் இருக்கும் அதே எண். வலு சில நூறு மில்லிவாட், நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைவு. டொக்டர் நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி, பார்வைக்கு மையமான மஞ்சட்பொட்டை விட்டு விலகி, ஓரங்களில் மட்டும் திட்டமிட்டுச் சுடுகிறார். ஓரத்தைக் கொடுத்து மையத்தைக் காப்பாற்றுகிற சிகிச்சை அது.

விளையாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிள்ளை அந்தப் பச்சைப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று குழாயின் வாயையே உற்றுப் பார்க்கிறது. உற்றுப் பார்க்கும் பொருள் எதுவாக இருந்தாலும் அதன் பிம்பம் மஞ்சட்பொட்டின் நடுவில்தான் விழும். எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்தச் சிறு இடத்தின் வேலை. கொழுந்து மலையில் வேகமாகக் கைபோகும்போது இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் முற்றிய இலையிலிருந்து பிரித்தறிவதும் அதே இடம்தான். அங்கே வடு விழுந்தால் பழையபடி ஆக்க உறுதியான மருந்து இல்லை.

இன்னொன்று. விழித்திரை சுடுபட்டால் வலிக்காது. கண் சிவக்காது, வீங்காது. அதனால் பிள்ளை சொல்லாது, சொன்னாலும் அம்மா நம்பமாட்டார்.

நிறம் செய்யும் ஏமாற்று

‘அப்படிப் பலமான ஒளி என்றால் பார்த்தவுடனே தெரியாதா ஐயா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. அதுதான் இந்த விஷயத்தின் மையமே.

நம் கண் எல்லா நிறத்தையும் சமமாக உணர்வதில்லை. பச்சையில், 555 நானோமீற்றரை ஒட்டி, உணர்வு உச்சத்தில் இருக்கும். நீலத்தில் 450 நானோமீற்றருக்கு வந்தால் அது உச்சத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது. ஆகவே 1 வாட் நீல லேசரும் 40 மில்லிவாட்டுக்கும் சற்றுக் கூடிய பச்சை லேசரும் சுவரில் ஏறத்தாழ ஒரே வெளிச்சமாகத் தோன்றும். விழித்திரையில் இறங்கும் சக்தி இருபது மடங்குக்கு மேல் வேறுபடும். 405 நானோமீற்றர் ஊதா இன்னும் மோசம், மங்கலாகத் தெரியும் அழகான புள்ளி, அவ்வளவுதான். பிள்ளைகள் எது பிரகாசமோ அதுவே பலமானது என்று நினைக்கிறார்கள். மங்கலானதைப் பயமில்லாமல் கையாளுகிறார்கள்.

பச்சைக் குழாயிலும் ஒரு மறைவான சங்கதி உண்டு. அதில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் 808 நானோமீற்றரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பிறக்கும். அது ஒரு பளிங்கில் பாய்ந்து 1064 நானோமீற்றர்க் கதிராகும். இன்னொரு பளிங்கு அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீற்றர்ப் பச்சையாக்கும். மீதியான அகச்சிவப்பு வெளியே வராமல் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி வைக்க வேண்டும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் விடுபடுவது அந்த வடிகட்டிதான். 2010இல் அமெரிக்கத் தர, தொழினுட்ப தேசிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட ஒரு பச்சைச் சுட்டுகோலை, அதாவது லேசர் பொயின்டரை, அளந்தார்கள். அது கிட்டத்தட்ட 20 மில்லிவாட் அகச்சிவப்பைக் கக்கியது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இமை மூடுவதில்லை. இமையின் கால் விநாடிக் கணக்கு அங்கே செல்லாது.

அதே நிறுவனம் 2013இல் 122 சுட்டுகோல்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறத்தாழ 90 வீதமும் சிவப்பில் சுமார் 44 வீதமும் அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவரவில்லை. சட்டம், சோதனைக்கூடம், வழக்குமன்றம் எல்லாம் உள்ள நாட்டின் நிலை அது. லேபலை நம்பி வாங்குங்கள் என்று லுணுகலையில் ஒரு தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தவை

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கண் வைத்தியர்கள், விளையாட்டு லேசரால் மஞ்சட்பொட்டில் காயம்பட்ட ஐந்து பிள்ளைகளைப் பற்றி 2014இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். யாரும் யாரையும் தாக்கவில்லை. எல்லாம் விளையாட்டு.

2008 ஜூலையில் மொஸ்கோவுக்குக் கிழக்கே ஒரு திறந்தவெளி இசைவிழா. மழை வந்ததால் கூடாரம் போட்டார்கள். வானத்தை நோக்க வேண்டிய லேசர்க் கதிர்கள் கூட்டத்தின் மீது திரும்பின. சுமார் முப்பது பேர் பார்வையின் ஒரு பகுதியை இழந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மகாராஷ்டிரம். அங்கே விநாயகர் ஊர்வலங்களில் டீஜே வண்டிகளோடு லேசர்களும் வந்தன. 2022 விழாவுக்குப் பின் கோலாப்பூரில் விழித்திரையில் இரத்தம் கசிந்த இளைஞர்கள் கண் வைத்தியர்களிடம் வந்தார்கள். விஷயம் 2024இல் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போனது. புனே பொலிஸார் விழாக் காலத்துக்குத் தடை போட்டார்கள். நம் தோட்டத்துத் திருவிழாக்களில் இசைக்குழுவும் ஒளியலங்காரமும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. வாடகைக்கு லைட் கொண்டுவருகிறவரிடம் ஆலயக் கமிட்டி கேட்க வேண்டிய நிபந்தனை ஒன்றுண்டு. லேசர்க் கதிர் எந்த நிலையிலும் ஆட்களின் தலைமட்டத்துக்கு இறங்கக் கூடாது. கைபேசியில் படம் பிடிக்கிறவர்களின் கெமராவே கருகிப்போன சம்பவங்கள் உண்டு. கண்ணாடியும் உலோகமுமான அந்தக் கருவிக்கே அந்தக் கதி.

அடுத்தது கண் கூச்சம். விமானமோட்டிகளுக்கு இது பெரிய தொல்லை. 2023இல் மட்டும் அமெரிக்க விமானமோட்டிகள் 13,304 முறை லேசர்த் தாக்குதலை முறையிட்டார்கள். 2025 மே மாதம் துபாயிலிருந்து வந்த விமானம் ஒன்று சென்னையில் தரையிறங்கும் நேரத்தில் பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் பாய்ந்தது. தூரத்தில் கதிர் விரிந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் விரியும் கதிர் 100 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் அகலமாகும், ஒரு கிலோமீற்றரில் ஒரு மீற்றர். ஆகவே தூரத்து விமானமோட்டியின் விழித்திரை வெந்துபோவது அரிது. விமானக் கண்ணாடி முழுதும் பச்சைப் படலமாகி, ஓடுபாதை தெரியாமல் போவதே அங்கே ஆபத்து.

லுணுகலைக்கு மேலே விமானம் தாழப் பறப்பதில்லை. நமக்கு உள்ளது வீதி. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதியின் வளைவுகளை இங்குள்ளவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. 2021 மார்ச் 20 காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டைக்கு அருகே பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த விபத்துக்கும் லேசருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த வீதி சாரதிக்கு எவ்வளவு சிறிய இடைவெளி தருகிறது என்பதற்காகவே அதைச் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் 11 மீற்றர் போய்விடும். இராத்திரியில் எதிர் மலையின் லயனிலிருந்து ஒரு பையன் விளையாட்டாக அடிக்கும் பச்சை ஒளி, சாரதியை இரண்டு விநாடி குருடாக்கினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணையே சுடும் தூரமும் சிறிதல்ல. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அதே அளவில் விரியும் கதிர் என்றால், இமையின் கால் விநாடியைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், 5 மில்லிவாட்டுக்கு ஆபத்து எல்லை 16 மீற்றர். 100 மில்லிவாட்டுக்கு 70 மீற்றர். 1 வாட்டுக்கு 225 மீற்றர். இரண்டு லயன்களுக்கு இடையே உள்ள பள்ளம் பல இடங்களில் அதைவிடக் குறுகியது.

பொறுப்பு யாருடையது

குழந்தையைக் கண்டிப்பது எளிது, செலவில்லாதது. ஆனால் இதுவரை சொன்னதை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். பலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லேபல் சொல்வதில்லை. காயம் வலிப்பதில்லை. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு சாமானில் ‘கவனம்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. கத்தியின் கூர்மையைப் பிள்ளை பார்க்கும், நெருப்பின் சூட்டை உணரும், அதனால் அங்கே கவனத்தைக் கற்பிக்கலாம். இங்கே கற்பிக்க ஒரு புலனும் உதவிக்கு இல்லை. உடம்பின் விதி 1 மில்லிவாட்டோடு முடிகிறது. அதற்கப்பால் அரசின் விதிதான் இமையாக வேண்டும்.

பல நாடுகள் அப்படியே செய்தன. 2008இல் சிட்னியில் தரையிறங்க வந்த விமானங்களைப் பல லேசர்கள் ஒருசேரக் குறிவைத்ததை அடுத்து, அவுஸ்திரேலியா 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட சுட்டுகோல்களை அனுமதியின்றி இறக்குமதி செய்வதைத் தடுத்தது. நியூசிலாந்து 2014இல் அதே எல்லையைக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்து 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் ஆகப் பாதுகாப்பான முதலாம் வகுப்பை மட்டும் அனுமதித்தது. பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவரை லேசரால் கூசச் செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. வாகனம் என்பதில் பஸ்ஸும் அடங்கும், விமானமும் அடங்கும்.

இலங்கையில் புதிதாக ஒரு சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. எந்தப் பொருளை அனுமதிப்பத்திரத்தின் கீழ் கொண்டுவருவது என்று வர்த்தமானி மூலம் தீர்மானிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களின் லேபல் பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்க அதிகாரம் தருகிறது. இறக்குமதிப் பொருட்களைச் சோதிக்க இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரே வரியில் விதி எழுதலாம்: பொதுமக்களுக்கு விற்கும் கையடக்க லேசர் 1 மில்லிவாட்டுக்கு மேற்படக் கூடாது, வகுப்பும் வலுவும் மூன்று மொழியிலும் எழுதப்பட வேண்டும், ‘குறைவு’ என்ற குறி செல்லாது.

இதற்கு இரண்டு ஆட்சேபம் வரும். ஒன்று, குரங்கையும் காட்டுப்பன்றியையும் விரட்ட உதவுகிறதே என்பது. பயிரைக் காக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மரக்கறித் தோட்டத்தில் சுழற்றும் கதிர் குரங்கோடு நிற்பதில்லை. எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவர்களையும் அது தேடிப் போகும். மற்றது, பிள்ளைகளின் விஞ்ஞான ஆர்வத்தைக் கெடுக்கலாமா என்பது. ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், பாடசாலையில் ஒளியைப் பற்றிச் செய்ய வேண்டிய எந்தப் பரிசோதனைக்கும் 1 மில்லிவாட் சிவப்புச் சுட்டுகோல் தாராளமாகப் போதும். தண்ணீர்ப் போத்தலில் நாலு துளி பால் விட்டுக் கதிர் வளைவதைக் காட்டலாம். ஒரு தலைமயிரைக் குறுக்கே வைத்துச் சுவரில் விழும் வரிகளிலிருந்து அதன் தடிப்பைக் கணக்கிடலாம். சாதாரணதர மாணவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விதி வரும்வரை

வீட்டில் அப்படி ஒரு குழாய் ஏற்கனவே இருக்கலாம். பெற்றரியைக் கழற்றுங்கள், சாவியை வேறாக வையுங்கள். கூடவே தரும் நிறக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் போதும் என்று நம்பாதீர்கள். எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கும் என்று அச்சிடாத கண்ணாடி வெறும் நிறப் பிளாஸ்திக்.

பிள்ளையின் கண்ணில் கதிர் பட்டதாகத் தெரிந்தால் கண்டிப்பைப் பிறகு வைத்துக்கொண்டு கணிதப் பாடத்துச் சதுரக் கொப்பியை எடுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி ஒன்று போடுங்கள். படிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் அந்தப் புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றச் சொல்லுங்கள். சுற்றியுள்ள கோடுகள் வளைகின்றனவா, சதுரங்கள் எங்காவது காணாமல் போகின்றனவா, நடுவில் மங்கல் திட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மார்க் அம்ஸ்லர் என்ற சுவிஸ் கண் வைத்தியர் வகுத்த சோதனை இது, கண் கிளினிக்குகளில் இன்றும் பயன்படுவது. இரண்டு கண்ணையும் திறந்தபடி கேட்டால் நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும். அதனால்தான் பல பிள்ளைகளின் காயம் மாதக்கணக்கில் வெளியே தெரிவதில்லை. ஐயம் இருந்தால் டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பதுளை ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்கே போங்கள். லேசர் பட்டது என்ற சொல்லை மறைக்காமல் சொல்லுங்கள். கருவியையும் பெற்றரி இல்லாமல் கையோடு கொண்டுபோங்கள். அலைநீளத்தை அறிந்தால் வைத்தியருக்கு உதவும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் எழுதியதை ஒரு பிள்ளை திடீரென்று எழுத்துத் தவறவிட்டுப் பார்த்தெழுதினால், அசட்டை என்று முடிவுகட்டுமுன் ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக உயர்தரம் வரை போகிறவர்கள். அந்தப் படிப்பின் பாரம் முழுவதும் மஞ்சட்பொட்டின் நடுவிலுள்ள ஒன்றரை மில்லிமீற்றர் இடத்தின் மேல் நிற்கிறது.

வியாபாரிகளை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் அந்தக் குழாயின் வலு தெரியாது. மொத்த வியாபாரி கொடுத்ததை விற்கிறார்கள். ஆகவே இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது ஒரு கேள்வியை எடுத்துச் செல்லுங்கள்: ‘இது எத்தனை மில்லிவாட், எழுதித் தருவீர்களா?’ பற்றுச்சீட்டில் எழுதித் தர முடியாத சாமானை வாங்காதீர்கள். கடைக்காரர் அதே கேள்வியை மொத்த வியாபாரியிடம் கேட்கட்டும், அவர் இறக்குமதியாளரிடம் கேட்கட்டும். பதில் கிடைக்காத இடத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். இங்கே வந்திருக்கும் அதிபர்களும் ஆலயக் கமிட்டியாரும் பிரதேச சபை உறுப்பினர்களும் கையெழுத்திட்டு, 1 மில்லிவாட் எல்லையைக் கேட்டு அதிகாரசபைக்கு ஒரு மகஜர் அனுப்ப வேண்டும் என்பது என் பிரேரணை. அதன் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் முன்மேசையில் வைக்கிறேன். படித்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, ஒப்பமிடுங்கள்.